கெட்டிமேளம் வரும்வரை

வெள்ளவத்தை மாடிவீட்டில் பிற்பகல் வெயில் கணினித் திரையில் விழுந்து கூசுகிறது. லண்டன் மண்டபத்தில் மகன் தாலியைக் கையில் எடுத்துவிட்டான். விசா கிடைக்காத புனிதவதி இங்கே வாழ்த்தித் தூவ அறுகரிசியைப் பொத்திப் பிடித்தபடி நிற்கிறாள். படம் முன்னே ஓடுகிறது, சத்தம் பின்னால் வருகிறது. "மேளம் கேட்டாத்தான் போடலாம். கெதியாப் பார் பிள்ளை." "புளூடூத் ஸ்பீக்கர்தான் சுணக்குதம்மா, நிப்பாட்டுறன்," என்கிறாள் மகள் ஹம்சிகா. மௌஸில் அவள் விரல் வழுக்குகிறது. திரையில் தாலி ஏறுகிறது, எல்லோரும் அரிசி தூவுகிறார்கள், தவில்காரர் அடித்து ஓய்கிறார். ஸ்பீக்கரில் இன்னும் ஐயரின் மந்திரம். ஹம்சிகா ஸ்பீக்கரை நிறுத்துகிறாள். கணினியிலிருந்தே இப்போது சத்தம் படத்தோடு ஒட்டி, தெளிவாக வருகிறது: சிரிப்பு, பிறகு "தம்பி, கமராவைப் பாருங்கோ." மகன் நிமிர்ந்து பார்க்கிறான். "மேளம் எங்கை பிள்ளை?" பொத்திய கை இன்னும் திறக்கவில்லை.