மாசில்லாப் படலம்

ஆறாவது கண்ணாடித் தகடும் கெட்டிருந்தது. காற்றை உறிஞ்சி வெளியேற்றிய எந்திரத்தின் எஃகு அறைக்குள் வெள்ளிச் சேர்மத்தின் ஆவியும் பாலிமராக மாறும் ஆவியும் கலந்து, தகட்டின்மேல் பளபளக்கும் தோலாகப் படிய வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் புகை பட்டதுபோல் மஞ்சளித்தே படிந்தது. அந்த அறையைத் திறப்பவர்கள் இரண்டே பேர். ஆய்வு மங்கையர்க்கரசியுடையது, எந்திரத்தைத் துடைத்து வைப்பவர் ஸ்டான்லி.

"பைபிள் மேல சத்தியமா நான் எதையும் உள்ள வைக்கல மேடம்" என்று அவர் சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தேகம்தான் வலுத்தது.

இன்று காலை அவர்மீது புகார் எழுதி ஆய்வக இயக்குநரிடம் கொடுத்துவிட்டு, தடயம் தேடி அறைக்குள் தலையை நுழைத்தாள். மூலையில் மிளகளவு வட்டம் ஒன்று மின்னியது. ஆறு முறையும் அதன்மேல் மட்டும் படலம் அப்பழுக்கில்லாமல் படிந்திருந்தது. நகத்தால் பெயர்த்துத் திருப்பினாள். பின்பக்கம் காய்ந்த பசை, அரக்குச் சிவப்பு. ஸ்டிக்கர் பொட்டு. அதன் பசை ஆவியாகித்தான் தகடுகளை மஞ்சளாக்கியிருக்கிறது. தகடு வைக்கக் குனிகிறவள் அவள் ஒருத்திதான். கை தானாக நெற்றிக்குப் போனது.

"ஏதாச்சும் கிடைச்சுதா மேடம்?"

பின்னால் ஸ்டான்லி. அவள் விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

"நீங்க எவ்வளவு நேரமா இங்க நிக்கிறீங்க?"