லானின் அண்ணன்

பதினோரு ஆண்டுகள் மலை மலையாக நடந்த பிறகு, ஷாவோலின் துறவி ஹுயிமிங் தன் தங்கையின் வீட்டைக் கண்டுபிடித்தார். பத்து வயதில் அவரை மடத்தில் விட்டுப் போன அப்பா, இந்தக் கிராமத்தில் மறுமணம் செய்து, ஒரு மகளைப் பெற்று, இங்கேயே இறந்தும் போயிருந்தார்.

அந்த மகள் லான் கதவைப் பாதிதான் திறந்தாள். "அப்பா பேரைச் சொல்லிக்கிட்டு இந்த வருஷம் மூணு பேர் வந்துட்டாங்க. நீங்க நாலாவது ஆளு."

துறவி வாதாடவில்லை. தாத்தா காலத்திலிருந்து குடும்பத்தில் வழிவழியாக வந்த புலி அடியை அடித்துக் காட்டினார். முற்றத்துக் கருங்கல் இரண்டாகப் பிளந்தது.

"மத்தவங்களும் கல்லைத்தான் உடைச்சாங்க," என்றாள் லான். "இது நான் துணி துவைக்கிற கல்லு."

துறவியின் முகம் வாடியது. இவளை விட்டால் அவருக்கு உறவென்று யாரும் இல்லை. ஒற்றை விரலை ஊன்றித் தலைகீழாக நின்றார். அவள் கொட்டாவி விட்டாள். அந்த நேரம் பார்த்து, கொல்லையிலிருந்து ஒரு கொழுத்த வெள்ளை வாத்து கழுத்தை நீட்டிக்கொண்டு அவரை நோக்கி ஓடிவந்தது. ஆறு மாகாணக் கொள்ளையர்கள் அஞ்சி நடுங்கிய துறவி, "ஐயோ!" என்று அலறி, சுவரில் ஒரு கால் பதித்துக் கூரை உச்சிக்குத் தாவிவிட்டார்.

லானுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. "அம்மா, சீக்கிரம் வா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "நிஜமாவே அண்ணன்தான்!"

அம்மா வெளியே வந்து, கூரை ஓடுகளைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவரை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"இறங்கச் சொல்லாதடி," என்றாள். "வாத்து அடையிற வரைக்கும் உங்கப்பாவும் இறங்க மாட்டாரு. சோத்தை மேலயே கொண்டுபோய்க் குடு."