எவேலியோவின் மக்னீசியம்

நாற்பத்திரண்டு.

மணிக்கட்டை விடாமல் இன்னொரு நிமிடம் எண்ணினேன். நாற்பத்தொன்று. இரண்டு மாதத்துக்கு முன்பு இதே நாடி அறுபத்தெட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"கையை விடு ஒதாலிஸ். ஜோசியமா பாக்குற?" என்றான் என் கணவன் எவேலியோ, ஆடும் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் திறக்காமலே.

நேற்று டோமினோ ஆட்டத்தில் இரட்டை ஒன்பது கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டான். சியென்ஃபுவேகோஸ் ஊருக்குள் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன், இப்போது நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

எனக்குச் சந்தேகம் ஒருத்தி மேல்தான். நெரெய்தா.

அவனுடைய முதல் மனைவி. இருபது வருஷத்துக்கு முன்பு அவனை விட்டுவிட்டு மியாமிக்குப் போனவள். ஆனால் வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. எவேலியோ கண்ணை மூடினால் நான் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

போன வருஷம் அவன் இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தபோது, பாலிகிளினிக் டாக்டர் துடிப்பை அடக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவன் அதைத் தொடவே இல்லை. அவன் அண்ணன் ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்ட மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். எதனால் என்று யாருக்கும் தெரியாது. எவேலியோவுக்கு மட்டும் தெரியும்.

விஷயம் கேள்விப்பட்டு நெரெய்தா மக்னீசியம் மாத்திரை அனுப்பினாள். பாட்டிலில் பச்சை இலை படம். அது மருந்தே இல்லையாம், வெறும் சத்தாம். அதை மட்டும் நாள் தவறாமல் விழுங்கினான்.

துடிப்பு சரியானதும் தெரு முழுக்க அதே பேச்சு. எதிர்வீட்டில் வளர்க்கும் பன்றிக்குக்கூட மக்னீசியத்தைச் சிபாரிசு செய்திருப்பான். நெரெய்தா புராணத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அவன் குறட்டை விடத் தொடங்கியதும் பாட்டிலைச் சமையலறை மேசையில் கவிழ்த்தேன்.

முன்பு வந்த மாத்திரைகள் சாம்பல் நிறத்தில், குதிரைக்குப் போடுகிற அளவில் இருந்தன. இவை சின்னவை. இளஞ்சிவப்பு. அத்தனையும் பாதிப் பாதி, கத்தியால் நறுக்கியவை.

எந்தக் கம்பெனி மாத்திரையை நறுக்கி விற்கும்?

இரண்டு மாதத்துக்கு முன்பு இந்தப் பாட்டில் வந்தபோதே சீல் உடைந்திருந்தது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. மியாமியிலிருந்து சாமான் சுமந்து வரும் பெண்கள் இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் திறந்து அதற்குள் இதைத் திணிப்பார்கள். எனக்குப் போன மாதம் வந்த காபிப் பொட்டலத்துக்குள் ஒரு ஜோடிக் காலுறை இருந்தது.

பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் போனில் நெரெய்தாவை வீடியோவில் பிடித்தேன்.

"என்னத்தடி அனுப்பியிருக்க? ஆளைக் கொன்னுட்டு வீட்டை எடுத்துக்கலாம்னு பாக்குறியா?"

அவள் கோபப்படவில்லை. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அந்த நாலடிக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கத்தாதடி. அந்த மடையன் காதுல விழுந்தா இதையும் துப்பிருவான். அது எனக்கு டாக்டர் குடுத்த இதய மாத்திரை. பாதி நான் போட்டுக்கறேன், பாதி அவனுக்கு. வெறும் சத்து மாத்திரையை நம்பி ஒரு மனுஷனை விட முடியுமா, சொல்லு?"

திரையை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தேன். அவள் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. எவேலியோவைக் கட்டிக்கொண்ட இந்தப் பன்னிரண்டு வருஷமாக இவளை நான் யார் யாரிடமெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"நாடி எவ்வளவு இருக்கு?" என்றாள்.

"நாற்பத்தொண்ணு."

அவள் புருவம் சுருங்கியது. "பாதி மாத்திரைக்கு அவ்வளவு எறங்காதே. வேற ஏதாச்சும் திங்கிறானா?"

இப்போது சந்தேகத்தோடு பார்ப்பது அவள் முறையாகிவிட்டது.

நான் அடுப்புப் பக்கம் பார்த்தேன். பூண்டு இடிக்கும் மர உரலின் அடியில் வெள்ளைத் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவன் தொட மறுத்த பாலிகிளினிக் மாத்திரை. ஏழு மாதமாக, தினமும் காலையில், அதை இடித்து அவன் காபியில் கலந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பச்சை இலையை நம்பி அவனை விட எனக்கும் மனம் வரவில்லை.

இன்று காலையும் கொடுத்தேன். கசக்கிறது என்று சொல்லி இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்டான்.

அவளிடம் சொன்னேன்.

நெரெய்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் இருவரில் யார் முதலில் அழுதது என்று தெரியவில்லை.

"இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அவர்கிட்ட ரெண்டையும் சொல்லு. அவன்கிட்டயும் சொல்லு."

"சொன்னா இனிமே நம்ம ரெண்டு பேர் கையால பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டான்."

"குடிக்க வேணாம். உயிரோட இருந்து நம்மளைத் திட்டட்டும்."

ஒரு கையில் நெரெய்தா, மறு கையில் மர உரல். எவேலியோவை எழுப்பப் போனேன்.