சேராது என்று சொன்ன பெட்டி

சாரம் பகுதியில் ஒரு கணினி பழுதுபார்க்கும் கடைக்குள் காலை வெயில் முழங்கால் உயரத்துக்குத்தான் நுழைகிறது. மேசைமேல் கொளஞ்சியக்காவின் கணினி. அதன் நெற்றியில் போன ஆயுதபூஜையின் சந்தனம் காய்ந்து வெடித்து, இன்னும் உதிராமல் இருக்கிறது. பத்து வருடமாக ஊரார் ஜாதகத்துக்கெல்லாம் பொருத்தம் பார்த்துச் சொன்ன பெட்டி அது. இப்போது புது விண்டோஸ், தன்னை ஏற்ற முடியுமா என்று அதற்கே பொருத்தம் பார்க்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிற்கும் பெண்ணின் அப்பாவைப் போல உள்ளே விசிறிக்கு மூச்சு இரைக்கிறது. மெமரிக்கு டிக் விழுகிறது. பிராசசருக்குச் சிவப்பில் பெருக்கல் குறி.

“சேராதுக்கா. பிராசசர் பழசு,” என்கிறான் கடைக்காரன் வெற்றிவேல்.

“இப்பிடி விதி போட்டது எவன்? எம் பொட்டிய வந்து பாத்தானா அவன்?” அக்காவின் மூக்குத்தி திரை வெளிச்சத்தில் துடிக்கிறது. “ஒன்னே ஒன்னுதான இடிக்குது? பரிகாரம் எதனா இருக்கும், பாருப்பா.”

“பரிகாரம்லாம் இல்ல. இந்தச் சோதனையத் தாண்டி ஏத்திடலாம்.”

“தாண்டி ஏத்துனா ஒழுங்கா ஓடுமா?”

வெற்றிவேல் ஸ்குரூ டிரைவரால் தனக்குப் பின்னால் காட்டுகிறான். இதே பெட்டி ஜாதகம் சேராது என்று தள்ளிய பிறகும் அவன் கட்டிக்கொண்ட சிவசங்கரி, மடியில் தூங்கும் குழந்தையோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கீபோர்டு துடைக்கிறாள்.

“எங்களுக்கு ஓடுதேக்கா.”