துறைமுகத்தின் மனசாட்சி

“சட்டம்னா அது கடல் மாதிரி. பெரிய கப்பலுக்கும் ஒண்ணுதான், ஓட்டைப் படகுக்கும் ஒண்ணுதான்!” என்று சராந்திஸ் தொலைபேசியில் முழங்கினார்.

மறுமுனையில் அந்தக் கிரேக்கத் தீவின் வானொலி. அனுமதி இல்லாமல் வந்து வேலை செய்கிற வெளிநாட்டுக்காரர்களையும், அவர்களை வேலைக்கு வைக்கிற முதலாளிகளையும் என்ன செய்யலாம் என்று காலையிலிருந்து மக்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வேலை செய்யறவனைக் கப்பல் ஏத்தணும். வேலை குடுக்கறவன் கையில விலங்கு மாட்டி, இந்தத் துறைமுகத்துலயே நடத்திக் கூட்டிட்டுப் போகணும். வியாபாரிகள் சங்கத் தலைவரா சொல்றேன். துறைமுகத்தோட மனசாட்சியா சொல்றேன்னு வேணும்னாலும் போட்டுக்குங்க.”

“முதலாளி, ஆக்டோபஸ் வெந்துருச்சு. இறக்கிடவா?” என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

சராந்திஸ் தொலைபேசியைப் பொத்தினார். “இறக்குடா மொக்லெஸ், கத்தாதே! நான் நாட்டைப் பத்திப் பேசிட்டிருக்கேன்.”

மொக்லெஸ் வங்காளதேசத்துக்காரன்; அனுமதி இல்லாமல் வந்தவன். நாலு வருடமாக அந்தச் சாப்பாட்டுக் கடையில் மீன் செதில் சுரண்டுவது, சமைப்பது, தட்டுக் கழுவுவது எல்லாம் அவன்தான். கடை உரிமம் சராந்திஸின் மனைவி மெல்போவின் பேரில் இருந்தது. கணக்கு வழக்கும் அவள் பொறுப்பு. சராந்திஸின் பொறுப்பு, பேசுவது.

பகல் கப்பல் வந்து ஊதியதும் மறுபடி தொலைபேசி அடித்தது. படகுத்துறைப் பெட்டிக்கடைக்காரர்.

“சராந்திஸ், ரெண்டு பேர் இறங்கியிருக்காங்க. ஆகஸ்டு மாசத்துல ஷூ போட்டிருக்காங்கய்யா. தொழிலாளர் ஆய்வாளருங்கதான். முதல்ல உன் கடைக்குத்தான் வழி கேட்டாங்க.”

சுற்றுலாக்காரர்கள் குவிகிற ஆகஸ்டில் கடைக்கு சீல் வைத்தால் குளிர்காலம் முழுக்க வீட்டில் அடுப்பு எரியாது. மெல்போ ரொட்டி வாங்கப் போயிருந்தாள். கேட்பதற்கும் ஆள் இல்லை.

“டேய், வா இங்கே! கிடங்குக்குள்ள போ. மூச்சு விடாதே.”

“முதலாளி, எனக்குத்தான் இப்ப...”

“உனக்குத்தான்டா ஆபத்து! பிடிச்சா இன்னிக்கே ஏத்தி அனுப்பிடுவாங்க. போ!”

கதவைப் பூட்டிவிட்டு வாசலுக்கு ஓடினார். அங்கே அவருடைய மச்சான் திமியோஸும் தேவாலயப் பாடகர் நெக்தாரியோஸும் காப்பியை ஆறவிட்டுப் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மச்சான், எழுந்திரு. அடுப்புல போய் நில்லு.”

“எனக்கு முட்டை அவிக்கவே தெரியாதே!”

“கிரேக்கன்தானே நீ? அது போதும். நெக்தாரியோஸ், இந்தா ஏப்ரன். நீ பரிமாறு.”

“நான் சாமி பாட்டுப் பாடறவன்யா.”

“அதே குரல்ல இன்னிக்கு மீன் பேரைச் சொல்லு.”

ஆய்வாளர்கள் வந்தார்கள். மூத்தவர் ஒரு பெண்மணி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கப்பல்ல வர்றப்போ ரேடியோவுல உங்க பேச்சைக் கேட்டோம். இப்படிப்பட்ட ஒருத்தர் கடையிலேருந்தே ஆரம்பிக்கலாம்னு தோணுச்சு.”

“என் பாக்கியம், அம்மா!”

நெக்தாரியோஸ் கைகளைக் கூப்பியபடி வந்து, “வறுத்த நெத்திலீ... சுட்ட மத்தீ...” என்று ஈஸ்டர் ராகத்தில் இழுத்தார். அடுப்படியிலிருந்து கருகல் வாசனையும், பின்னாலேயே திமியோஸின் கெட்ட வார்த்தையும் வந்தன.

“இவங்கள்லாம் யாரு?” என்றார் ஆய்வாளர்.

“உள்ளே நிக்கறது என் மனைவியோட தம்பி. இவரு நம்ம தேவாலயத்துப் பாடகர். ஏழு தலைமுறையா இந்தத் தீவு மண்ணு! சல்லடை போட்டுத் தேடுங்க அம்மா. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் கிடையாது!”

ஆய்வாளர் இருவருடைய அடையாள அட்டையையும் வாங்கிக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தார்.

“ரெண்டு பேருமே வேலைப் பதிவுல இல்லையே.”

“அவங்களுக்கு எதுக்கு அம்மா பதிவு? அவங்க கிரேக்கருங்க!”

“கடல் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு காலையில யாரோ சொன்னாங்க.”

ஏப்ரனை யாரும் பார்க்காதபோது கழற்றிவிடலாமா என்று நெக்தாரியோஸ் முடிச்சைத் தேடினார்.

“பதிவில்லாம வேலைக்கு வச்ச ஆளுங்க ரெண்டு பேர்,” என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். “அபராதம் தலைக்கு எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும், சங்கத் தலைவராச்சே. சரி, இந்தக் கடையில முறைப்படி பதிவான வேலையாள் ஒரே ஒருத்தர் இருக்காரு. மொக்லெஸ் உத்தீன். அவரு எங்கே?”

சராந்திஸ் நகர்ந்து போய்க் கிடங்குக் கதவை மறைத்து நின்றுகொண்டார்.

ரொட்டிக் கூடையோடு மெல்போ உள்ளே நுழைந்தாள்.

“மொக்லெஸா? அவனுக்கு ஈஸ்டர் சமயத்துலயே அனுமதி வந்துருச்சு அம்மா. நான்தான் கையெழுத்துப் போட்டுப் பதிவு பண்ணினேன்.” பிறகு கணவரிடம் திரும்பினாள். “உன்கிட்ட சொன்னா, அவன் காப்பீட்டுக்குப் பணம் கட்டணுமேன்னு ஒரு வாரம் கத்துவ. அதான் சொல்லல. ஆமா, என் தம்பி எதுக்கு அடுப்புல நிக்கறான்? மொக்லெஸ் எங்கே?”

உருளைக்கிழங்குக் கிடங்கின் கதவை உள்ளிருந்து யாரோ மரியாதையாகத் தட்டினார்கள்.

சாவி சராந்திஸின் சட்டைப்பையில் இருந்தது.