தும்பிக்கை வைத்த வண்டி

எஞ்சின் நிற்கவில்லை.

பிக்கப்பின் கூரை உயரத்துக்கு நீண்டிருந்த குழாயின் வாயை வேதாசலம் உள்ளங்கையால் இறுக்கி மூடியிருந்தான். இருபது எண்ணினான். முப்பது எண்ணினான். எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

திருத்தணியில் அத்தனை டிரைவர்களும் வண்டி நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். இவன் மட்டும் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக, நின்று தொலைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

எஞ்சினுக்குப் போகிற காற்றெல்லாம் இந்தக் குழாய் வழியாகவே போனால், வாயை மூடியதும் மூச்சுமுட்டி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் வேறெங்கோ இடுக்கு இருக்கிறது. காற்று நுழைகிற இடுக்கில் தண்ணீரும் நுழையும்.

"நிக்கலியா பாவா?"

டிரைவர் சீட்டிலிருந்து கவிப்பிரியா கேட்டாள். பள்ளிப்பட்டைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண். கணவனை அந்த ஊர் வழக்கப்படி பாவா என்றுதான் கூப்பிடுவாள். ஏழு மாத வயிறு ஸ்டியரிங்கில் இடிக்காதபடி சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டிருந்தாள்.

"இல்ல."

"ஃபில்டர் பாக்ஸ்லயே எங்கனா ஓட்டை இருக்கும். நல்லா பாருங்க."

போன கார்த்திகையில், தாய்வீட்டுக்குப் போயிருந்தவளை அழைத்துவரப் போனான். மேலே ஆந்திராப் பக்கம் அணையைத் திறந்திருந்தார்கள். தரைப்பாலத்தின் மேல் தொடையளவுத் தண்ணீர். போய்விடலாம் என்றுதான் வண்டியை இறக்கினான். சக்கரத்துக்கு மேலே இருந்த காற்றுவாய் தண்ணீரை உறிஞ்சியது; நட்டநடுவில் எஞ்சின் நின்றது. அரைமணி நேரம் கழித்து ஊர்க்காரர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். அவ்வளவு நேரமும் கவிப்பிரியா அக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரும் வியாழக்கிழமை வளைகாப்பு. அன்றைக்கே அவளை அழைத்துப் போய்விடுவார்கள். பிள்ளை பிறப்பதும் கார்த்திகையில்தான். அந்த நேரம் பார்த்து ஆற்றின் இந்தக் கரையில் உட்கார்ந்திருக்க அவனால் முடியாது.

"எவ்ளோ தண்ணி போனாலும் வந்துடுவேன்" என்று சொல்லியிருந்தான்.

"ஆங்" என்றாள் அவள். அதோடு சரி.

பழைய காற்றுவாயை அடைத்து, பிளாஸ்டிக் குழாயை முன்கண்ணாடி ஓரமாக மேலே ஏற்றி, வளைவுகளில் ரப்பர் ஹோஸ் போட்டு, அதை இறுக்க மூன்று கிளாம்ப் மாட்டியிருந்தான். பொதட்டூர்பேட்டை லுங்கிப் பொதிகளை இறக்கிவிட்டு வந்து, சனிக்கிழமை சாயங்காலம் பசை தடவி முடுக்குவான். பசை காய ஒரு ராத்திரி ஆகும் என்பதால் பானெட்டை முழுக்க அடைக்காமல் விட்டுவிடுவான். ஞாயிறு காலை சோதனை. போன வாரம் ரப்பரையே மாற்றினான். இந்த வாரம் லாரி டியூபை வெட்டிச் சுற்றினான். ஸ்பேனர் கேட்டால் ஸ்பேனர், துணி கேட்டால் துணி என்று கவிப்பிரியாதான் எடுத்துக் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு கஜபதி பால் வாங்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாடா வேதா, தும்பிக்கைலாம் வச்சிகினு நிக்கிது? தம்பி மலைமேல கீறாரு, அண்ணன் உன் வூட்டாண்ட வந்துட்டாரா?"

"போண்ணா, நீ வேற."

"ஊதுபத்தி ஏத்திக் காட்டு. அப்பவாவது மனசு எறங்குறாரா பாப்போம்."

தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு உள்ளே போனார். வேதாசலம் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, நிஜமாகவே சாமி அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்து வந்தான்.

குழாயின் வாயில் துணிப்பந்தைத் திணித்தான். பானெட்டைத் தூக்கி, விசிறிக் காற்றில் புகை கலையாதபடி ஒரு கையால் அணைகட்டிக்கொண்டு, ஊதுபத்தியை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினான். முதல் கிளாம்பில் புகை நேராக மேலே போனது. இரண்டாவதிலும் அப்படியே.

மூன்றாவதில், ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்தில், புகை நூல் மாதிரி வளைந்து உள்ளே போனது.

நேற்று சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கிய கிளாம்ப் அது. இப்போது விரலால் தொட்டாலே சுற்றியது.

கறுப்பு ரப்பரின் மேல், திருகாணிக்கு இரண்டு பக்கமும், வெள்ளையாக விரல் பதிந்திருந்தது. தொட்டுப் பார்த்தான். கோலமாவு.

முன்சக்கரத்துக்கு அந்தப் பக்கம், இன்று விடியற்காலையில் போட்ட கோலம் இன்னும் கலையாமல் இருந்தது. இந்த வயிற்றோடு குனிய வேண்டாம் என்று அவன் சொன்ன பிறகு அவள் கோலம் போடுவதையே விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடுகிறாள். மூன்று வாரமாக.

அன்றைக்கு நடுப்பாலத்தில் அவன் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கரையில் நின்றவளின் முகத்தைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

"இன்னா பாவா, கெடைச்சுதா?"

ஊதுபத்தியைக் கீழே போட்டுவிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்தான். நாலு சுற்றுச் சுற்றினால் முடிந்தது.

"இல்ல கவி." அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இது நமக்கு ஆவற வேல இல்ல. தண்ணி வந்துட்சினா, நகரி வழியா பஸ்ல சுத்திகினு வந்துடறேன்."



"மூணு பஸ் மாறணுமே" என்றாள் கவிப்பிரியா.

"மாறிக்கிறேன்."

அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். கதவு திறந்தது. ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கினாள்.

அவள் முன்பக்கம் சுற்றி வருவதற்குள், வேதாசலம் பழைய பனியன் துணியால் ரப்பரின் மேலிருந்த வெள்ளையை அழுந்தத் துடைத்துவிட்டான்.