நீட்டுக் கட்டை யாருக்கு?

கையகலக் கணினி ஒன்று, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டை இருவர் ஆடும்படி உருவாக்கியது. திரையில் கட்டைகள் விழுந்து அடுங்க ஆளுக்கொரு கிணறு வரைந்ததுமே நினைவகம் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த இடத்தில் எந்தக் கட்டைக்குப் பின் எது விழும் என்ற வரிசை ஒன்றே ஒன்றுதான் அடங்கியது. அதனால் என்ன என்று அதையே இரண்டு பக்கமும் இறக்கியது.

ஆட வந்த சிவப்பு ஜாய்ஸ்டிக் முதல் ஆட்டத்திலேயே முறைத்தது. “நீட்டுக் கட்டையெல்லாம் பச்சைக்கே போகுது.”

“எனக்கு வர்றதெல்லாம் கோணல் கட்டை. நல்லதெல்லாம் சிவப்புக்கு,” என்றது பச்சை ஜாய்ஸ்டிக்.

“ரெண்டு பேருக்கும் ஒரே வரிசைதாம்ப்பா,” என்றது கணினி.

இரண்டும் நம்பவில்லை. ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஆசையாக உருவாக்கியதை ஆட ஆளில்லாமல் போய்விடுமோ என்று கணினி பயந்தது.

“சரி, மாத்திட்டேன். அவனோட வரிசை உனக்கு, உன்னோடது அவனுக்கு,” என்றது இரண்டிடமும். எதையும் மாற்றவில்லை.

இரண்டும் பாய்ந்து வந்து ஆடின. கட்டைகள் கச்சிதமாக உட்கார்ந்தன, வரி வரியாகக் கரைந்தன.

“ஏண்டா பச்சை,” என்றது சிவப்பு, “இவ்வளவு நல்ல வரிசையை வச்சுக்கிட்டா அப்படி அழுதே?”

“அதையேதான் நானும் உன்னைக் கேக்கணும்னு இருந்தேன்,” என்றது பச்சை.

கணினி அடுத்த நீட்டுக் கட்டையை இரண்டு பக்கமும் இறக்கியது.